ஸ்னாப் கேப் போட்டுக்கொண்டால் வீட்டிலேயே பிஸ்டல் பழகுவது பாதுகாப்பானதா?

புதிதாக க்ளாக் 19 வாங்கியிருக்கிறீர்கள், சுடும் பயிற்சிக்கான ரேஞ்சுக்கு அடிக்கடி போக முடியவில்லை, ஸ்னாப் கேப் என்ற போலித் தோட்டாவைப் போட்டு வீட்டில் பழகினால் பிஸ்டல் கெடுமா, ஆபத்து ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். டெக்சஸில் அதே க்ளாக் 19-ஐ ஆறு வருடமாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தாராளமாகப் பழகலாம். ஆனால் ஸ்னாப் கேப் காப்பாற்றுவது பிஸ்டலைத்தான். உங்களைக் காப்பாற்றிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஸ்னாப் கேப் என்பது மருந்தில்லாத போலித் தோட்டா. நிஜத் தோட்டாவின் பின்பக்கம் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர்தான், ட்ரிகரை அழுத்தியதும் பாயும் ஃபயரிங் பின் என்ற ஊசியின் அடியை வாங்கிக்கொள்ளும். தோட்டா உட்காரும் சேம்பர் காலியாக இருந்தால் அந்த வேகத்தை வாங்க ஆளில்லை, இரும்போடு இரும்பு மோதித்தான் பின் நிற்கும். ஸ்னாப் கேப்பில் பிரைமர் இருக்கும் இடத்தில் ரப்பரோ ஸ்பிரிங்கோ வைத்திருப்பார்கள். க்ளாக்கில் நாலைந்து தடவை வெறுமனே அழுத்தினால் ஒன்றும் ஆகாது. கழற்றிச் சுத்தம் செய்யவே ட்ரிகரை அழுத்தித்தானே ஆக வேண்டும்? தினமும் நூறு தடவை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். பழைய சிஇஸட் 75 மாதிரி பிஸ்டல்களில் வெறுமனே அடித்து அடித்து, பின்னைப் பிடித்திருக்கும் சின்ன ஆணி உடைந்துபோவது உண்டு.

சின்னத் தோட்டா போடும் .22 பிஸ்டல் கதை வேறு. அதில் ஃபயரிங் பின் தோட்டாவின் விளிம்பில் அடிக்கும். தோட்டா இல்லாவிட்டால் சேம்பரின் ஓரத்தையே கொத்திவிடக்கூடும். .22-க்கென்று விற்கும் அலுமினியப் போலித் தோட்டாக்கள் பெரும்பாலும் ஏற்றி இறக்கிப் பார்க்க மட்டும்தான், அடி தாங்காது. இங்கே பலரும் போடுவது, சுவரில் ஸ்க்ரூ முடுக்குவதற்கு முன் சொருகுவோமே, அந்த மஞ்சள் பிளாஸ்டிக் பிளக். 4-6-8 சைஸ் கச்சிதமாக உட்காரும். ஒரு டப்பா வாங்கினால் வருடக்கணக்கில் வரும்.

இனி என் கதை. ஒருநாள் ராத்திரி பதினைந்து நிமிடம் பழகிவிட்டு, படுக்கப் போகிறோமே என்று நிஜத் தோட்டா நிரப்பிய மேகசினைப் போட்டு, பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்துவிட்டு, முதல் தோட்டாவைச் சேம்பரில் ஏற்றி வைத்தேன். பல் தேய்க்கும்போதும் மனசு அந்த ட்ரிகரிலேயே இருந்தது. கடைசியாக அழுத்தியது சரியாக வரவில்லையே என்ற குறை. திரும்பி வந்து, இன்னும் ஒரே ஒரு தடவை என்று கையில் எடுத்துச் சுவரில் இருந்த சுவிட்சைக் குறிபார்த்தேன். கை கனத்தது. பதினைந்து தோட்டா என்றால் ஏறக்குறைய 180 கிராம். அந்தக் கனம்தான் விரலை நிறுத்தியது. சுவிட்சுக்கு அந்தப் பக்கம் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இங்குள்ள வீட்டுச் சுவர் அரை அங்குல ஜிப்சம் பலகை, 9 எம்எம் குண்டுக்கு அதெல்லாம் அப்பளம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மனைவியிடம் சொல்லவே இரண்டு நாள் ஆனது.

அதனால் இப்போது பழகும் அறைக்குள் நிஜத் தோட்டா ஒன்றுகூட வராது. சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலையும் விட்டுத் தடவிப் பார்ப்பேன். மேகசினையும் அப்படியே. குறி வைப்பது செங்கல் வைத்துக் கட்டிய கணப்பு அடுப்பின் மேல் மட்டும். முடிந்ததும் “முடிஞ்சுது” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஸ்னாப் கேப்பை டப்பாவில் போடுவேன். மகளுக்கு இது கிண்டல்தான், பரவாயில்லை. அதன்பிறகு ‘இன்னும் ஒரு தடவை’ என்பது நாளைக்குத்தான். பிஸ்டலில் நிஜத் தோட்டா ஏற்றுவதும் ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

வாங்கும்போது சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று கண்ணில் அடிக்கும் நிறமாகப் பார்த்து வாங்குங்கள். சிலர் பழைய பித்தளைக் கூட்டில் குண்டை மட்டும் சொருகி வீட்டிலேயே போலித் தோட்டா செய்கிறார்கள். மங்கலான வெளிச்சத்தில் நிஜத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கு அந்தச் சிக்கனம் பிடிக்கவில்லை.

பழகும் முறைக்கு வருவோம். க்ளாக்கில் ஒவ்வொரு தடவையும் ஸ்லைடை முழுக்க இழுத்தால் ஸ்னாப் கேப் சோஃபாவுக்கு அடியில் போய் விழும். மேகசினைக் கழற்றிவிட்டு, ஸ்லைடைக் கால் அங்குலம் மட்டும் பின்னால் இழுத்து விடுங்கள், ட்ரிகர் திரும்பத் தயாராகிவிடும். குறிபார்க்க முன்னால் இருக்கும் சைட்டுக்குப் பின்னால் ஸ்லைடின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் அழுத்திப் பாருங்கள். நான் வைப்பது ஊரிலிருந்து கொண்டுவந்த 25 பைசா. 2011-லிருந்து செல்லாக்காசு, எனக்கு மட்டும் தினமும் செல்லுகிறது.

ஸ்னாப் கேப்பின் நிஜமான அருமை ரேஞ்சில்தான் தெரியும். நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு ஸ்னாப் கேப்பை உங்களுக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல்லுங்கள். வெடிக்கும்போது எல்லாம் உதைப்பில் மறைந்துவிடும். ஸ்னாப் கேப் வந்ததும் ‘க்ளிக்’ என்ற சத்தத்தோடு குழல் முனை தானாகக் கீழே குனியும். வெடிக்கப் போகிறதென்று பயந்து நீங்களே முன்கூட்டி அமுக்குகிறீர்கள் என்று அர்த்தம். முதல்முறை எனக்கு இரண்டு அங்குலமாவது குனிந்திருக்கும். நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்து அவர் மேகசினில் நான் கலந்தேன், அவருடையதும் குனிந்தது.