கடையில் வழுக்கி விழுந்து அடிபட்டால் இழப்பீடு கேட்க முடியுமா?

சூப்பர் மார்க்கெட்டில் ஈரத் தரையில் வழுக்கி உங்கள் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்திருக்கிறது. ‘பார்த்து நடக்க வேண்டாமா’ என்கிறார் மேனேஜர். விடாதீர்கள். ஈரத் தரையில் எச்சரிக்கைப் பலகை வைக்காதது கடையின் கவனக்குறைவுதான்.

அவசரம் சிசிடிவி பதிவுக்குத்தான். நாளானால் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். விழுந்த தேதி, நேரம், இடம் (எண்ணெய் அடுக்குக்கு எதிரே என்பது வரை) எழுதி, பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி இன்றே ஸ்பீட் போஸ்ட் போடுங்கள். அன்றைய பில்லைத் தொலைக்காதீர்கள். அம்மா அங்கே நுகர்வோர் என்பதற்கு அதுதான் சாட்சி. எக்ஸ்ரே, மருத்துவமனை ரசீதுகளும் வேண்டும்.

பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பில் தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமில்லை. வக்கீலும் கட்டாயமில்லை.