காய்ச்சல் பரவும் நேரத்தில் கர்ப்பிணி அழுதுகொண்டே இருப்பது இயல்பா?

கூடலூர்ப் பக்கம் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கும் உங்கள் தங்கை ஆறு மாதக் கர்ப்பிணி. காய்ச்சல் பரவியதிலிருந்து அழுகிறாள் என்கிறீர்கள்.

பயம் இயல்புதான். ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் நீடித்தாலோ, எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ 'மசக்கை' என்று ஒதுக்காதீர்கள், அது மனச்சோர்வாக இருக்கலாம். (வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.) 1987இல் வெளியான எடின்பரோ வினாப்பட்டியல், கடந்த 7 நாள் மனநிலையைப் பத்தே கேள்விகளில் கணிக்க உதவுகிறது, மருத்துவரிடம் கேளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸ் எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்று சொன்னால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தொற்றுக்குப் பயந்து மாதாந்திரப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது வீண் ஆபத்து. முகக்கவசம் போட்டுக் கூட்டிப்போங்கள். வாட்ஸ்அப் வதந்திகளை அவள் கண்ணில் காட்டாதீர்கள்.