பக்கத்து ஆலை என்ன விடுகிறது? ஐரோப்பிய மாசுப் பதிவேடு பற்றிக் கேள்வி பதில்

ஜெர்மனியில் ஒரு ரசாயன ஆலையின் சுற்றுச்சூழல் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். காற்றிலும் நீரிலும் விடும் மாசு, வெளியே அனுப்பும் கழிவு இரண்டுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் கேட்கும் ஆண்டுக் கணக்கை நிரப்புவது என் பொறுப்பு. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (ராட்டர்டாம்): அக்கா, எங்கள் பால்கனியில் நின்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் தெரியும். பிள்ளைக்கு இழுப்பு இருக்கிறது. அந்த ஆலை எதை விடுகிறது என்று யாரிடம் கேட்பது?

பதில்: யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்மா, காரணமும் சொல்ல வேண்டாம். கோபன்ஹேகனில் இருக்கும் ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை இந்த மாசுப் பதிவேட்டை ஓர் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதில் ஆலையைத் தேடி எடுத்தால் காற்றில் எத்தனை கிலோ, நீரில் எத்தனை கிலோ, கழிவு எத்தனை டன் என்று ஆண்டுவாரியாக வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 166/2006 என்ற ஒழுங்குவிதிப்படி 2007ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து இது நடக்கிறது. 65 வகைத் தொழில்கள், 91 மாசுப் பொருட்கள் அதில் அடக்கம்.

ஆனால் இது ஓராண்டின் மொத்தக் கணக்கு. நேற்று ராத்திரி பிள்ளைக்கு ஏன் மூச்சு முட்டியது என்பதற்கு இதில் விடை இருக்காது. அதற்கு உங்கள் பகுதிக் காற்றுத்தர நிலையத்தின் மணிவாரி எண்களைப் பாருங்கள்.

கேள்வி (லியோன்): தேடிப் பார்த்தேன். எங்கள் ஊர் ஆலை பட்டியலிலேயே இல்லை. அப்படியென்றால் சுத்தமான ஆலைதானே?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். இங்கே இரண்டு வாசற்படிகள் இருக்கின்றன, இரண்டையும் தாண்டிய மாசைத்தான் ஆலை அறிவிக்க வேண்டும். முதலாவது ஆலையின் அளவு: கோழிப்பண்ணை என்றால் 40,000 கோழிகளுக்கு மேல், சாயப்பட்டறை என்றால் நாளுக்கு 10 டன்னுக்கு மேல், தோல் பதனிடுவது என்றால் நாளுக்கு 12 டன்னுக்கு மேல். ரசாயன ஆலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது, தொழில் அளவில் உற்பத்தி செய்தாலே உள்ளே வந்துவிடும். இரண்டாவது மாசின் அளவு. பாதரசம் என்றால் ஆண்டுக்குக் காற்றில் 10 கிலோ, நீரில் 1 கிலோ. கார்பன் டை ஆக்சைடு என்றால் ஒரு லட்சம் டன். 9.9 கிலோ பாதரசத்தைக் காற்றில் விட்ட ஆலை அந்த வரியை நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டியலில் வெற்றிடம் இருந்தால் ‘படிக்குக் கீழே’ என்றுதான் படிக்க வேண்டும்.

கேள்வி (ஆகன், மாணவர்): இந்த அறிவிப்பு அளவும் ஆலைக்குக் கொடுக்கும் அனுமதி வரம்பும் ஒன்றுதானா?

பதில்: இல்லை தம்பி. எல்லோரும் குழம்புகிற இடம் இதுதான், ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். ஓர் ஆலை நாளுக்கு 2,000 கன மீட்டர் கழிவுநீர் விடுகிறது. அதில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் குரோமியம். அந்த ஆலைக்கு அனுமதி 0.5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. 2,000 கன மீட்டர் என்பது இருபது லட்சம் லிட்டர். நாளுக்கு 200 கிராம், 300 வேலை நாளுக்கு 60 கிலோ. குரோமியத்துக்கு நீரில் அறிவிப்பு அளவு 50 கிலோ. ஆக, இந்த ஆலை எந்த வரம்பையும் மீறவில்லை, ஆனாலும் அறிவித்தே ஆகவேண்டும். அனுமதிச் சீட்டு பார்ப்பது செறிவை, ஆறு வாங்கிக்கொள்வதோ மொத்தத்தை. அந்த மொத்தத்தை ஊர் அறிய எழுதிவைக்கத்தான் இந்தப் பதிவேடு.

கேள்வி: அந்த எண்களை ஆலைக்காரர்களே கொடுக்கிறார்கள். எப்படி நம்புவது?

பதில்: நியாயமான கேள்வி. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும்: எம் என்றால் அளந்தது, சி என்றால் கணக்கிட்டது, ஈ என்றால் உத்தேசம். நான் முதலில் பார்ப்பது எழுத்தை, அப்புறம்தான் எண்ணை. ஒரு மாசு திடீரென்று பாதியாகக் குறைந்து, அதே ஆண்டில் ‘சி’ போய் ‘எம்’ வந்திருந்தால், மாறியது புகைபோக்கியா கணக்கு முறையா என்று கேட்டே ஆகவேண்டும். ஆதாரப் பதிவுகளை ஆலை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும், அரசு அதிகாரிகள் அவற்றைக் கேட்கலாம்.

தவறும் நடக்கும். மாசுக்குக் கிலோ, கழிவுக்கு டன். என் முதல் ஆண்டில் எடைச்சீட்டில் இருந்த கிலோவை அப்படியே டன் கட்டத்தில் போட்டுவிட்டேன். 18.4 டன் கரைப்பான் கசடு 18,400 டன் ஆகிவிட்டது. சரிபார்த்த அதிகாரி அன்றே தொலைபேசியில் அழைத்தார். இன்றுவரை எடைச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கட்டத்தை நிரப்புகிறேன்.

கேள்வி (ஆம்பூர்): கழிவை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால் பொறுப்பு முடிந்ததா, மேடம்?

பதில்: கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. இங்கே ஐரோப்பிய விதிப்படி ஆண்டுக்கு அபாயகரமான கழிவு 2 டன்னுக்கு மேல், மற்றது 2,000 டன்னுக்கு மேல் வெளியே போனால் அறிவிக்க வேண்டும். மீட்டெடுக்கவா, அழிக்கவா என்பதையும் சொல்ல வேண்டும். அபாயகரமான கழிவு நாடு தாண்டினால் அதைக் கையாளும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும், அது உண்மையில் போய்ச் சேரும் இடமும் பதிவாக வேண்டும். இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். கழிவு எங்கோ ‘போய்விட்டது’ என்று சொல்லித் தப்ப முடியாது, போன இடத்தின் முகவரி வேண்டும்.

கேள்வி: விபத்தில் வெளியேறியது சேருமா?

பதில்: சேரும். விபத்தில் போன அளவை மொத்தத்தில் கூட்டியும் காட்ட வேண்டும், தனியாகவும் காட்ட வேண்டும்.

கேள்வி: இந்த யோசனை யாருக்கு முதலில் வந்தது?

பதில்: இதன் வேர் நம் நாட்டுச் சாவுகளில் இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயுக் கசிவில் ஓடிய மக்களுக்கு எந்த வாயு தங்களைத் துரத்துகிறது என்றே தெரியாது. மறு ஆண்டு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அதே நிறுவனத்தின் ஆலையிலும் கசிவு ஏற்பட, 1986இல் அங்கே ‘அறியும் உரிமை’ச் சட்டம் வந்தது, அதிலிருந்து ஆலைவாரிப் பதிவேடு பிறந்தது. ஐரோப்பாவில் 1998இல் சுற்றுச்சூழல் தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை தரும் ஆர்ஹஸ் உடன்படிக்கை, 2003இல் அதன் கீழ் மாசுப் பதிவேடுகளுக்கான கீவ் நெறிமுறை, பிறகு இந்த ஒழுங்குவிதி.

கேள்வி (ஆண்ட்வெர்ப்): எங்கள் பக்கம் எளிதில் சிதையாத பிஃபாஸ் (PFAS) ரசாயனத்தால் தோட்டத்துக் கோழிமுட்டையைக்கூடச் சாப்பிடாதே என்கிறார்கள். பதிவேட்டில் அதைக் காணோமே?

பதில்: காணாது. 2006இல் எழுதிய 91 பெயர்களில் பிஃபாஸ் இல்லை. இந்தப் பதிவேட்டின் பெருங்குறை என்று நான் நினைப்பது இதைத்தான்: பட்டியல் அப்படியே உறைந்துவிட்டது. 2024இல் வந்த 2024/1244 என்ற புதிய ஒழுங்குவிதி 2028 ஜனவரி 1 முதல் பழையதன் இடத்தைப் பிடிக்கும். பட்டியலில் புதிய பெயர்களைச் சேர்க்கும் அதிகாரம் அதில் ஐரோப்பிய ஆணையத்துக்கு உண்டு. நீர், ஆற்றல், மூலப்பொருள் பயன்பாடும் கணக்கில் வரும். அதுவரை உங்கள் வட்டார அரசின் மண், நிலத்தடி நீர்ப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள். ஆர்ஹஸ் உடன்படிக்கைப்படி அது உங்கள் உரிமை. எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.