பேச வராதவர் விற்பனை படிக்கலாமா?

கேள்வி: சமுதாயக் கல்லூரியில் விற்பனையும் மார்க்கெட்டிங்கும் படிக்க ஆசை. ஆனால் எனக்குச் சரளமாகப் பேச வராது. சரிப்படுமா?

பதில்: தாராளமாகச் சேருங்கள். நல்ல விற்பனையாளர் பேசுவதைவிட அதிகம் கேட்பவர். வாங்க வந்தவருக்கு என்ன தேவை, எவ்வளவு செலவழிக்க முடியும், முடிவெடுப்பது யார் என்று விசாரித்து அறிவதுதான் பாதி வேலை, அது பயிற்சியில் வந்துவிடும். மார்க்கெட்டிங் இன்னும் விரிவானது. 1960-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி வகுத்த பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கும் இன்றைக்கும் அடிப்படைப் பாடம். எக்செல், கணக்கியல் இரண்டையும் விட்டுவிடாதீர்கள், லாபம் எவ்வளவு என்று தெரியாமல் தள்ளுபடி கொடுத்தால் ஆபத்து. அப்புறம், சேரும் முன்பே வேலைப் பயிற்சி உண்டா, பின்னால் பட்டப்படிப்புக்குப் போனால் இங்கே முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட்டுகள் (மதிப்பு அலகுகள்) செல்லுமா என்று கேளுங்கள். இரண்டாவதை எழுத்துப்பூர்வமாகவே வாங்கிவிடுங்கள்.