கைத்துப்பாக்கித் தோட்டா ரீலோடிங்: நல்ல குண்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கேள்வி பதில்

அமெரிக்காவில் வசித்து, துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொண்டு, தங்களுக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாங்களே நிரப்பத் தொடங்கியிருக்கும் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சொந்தப் பயன்பாட்டுக்கு ரீலோடிங் செய்ய அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால், ஊரில் இருப்பவர்கள் இதைச் செய்முறையாகக் கொள்ள வேண்டாம். பவுடர் (வெடிமருந்து) அளவுகளை நான் எங்கும் தரப்போவதில்லை. அவற்றை அச்சிட்ட ரீலோடிங் கையேடுகளில் மட்டுமே பார்க்க வேண்டும்.

கேள்வி (டெக்சாஸ்): ஐயா, 9 எம்.எம். பிஸ்டலுக்கு முதன்முதலாகக் குண்டு வாங்கப் போகிறேன். கடையில் நாற்பது வகை இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். கேஸ் (உலோகக் கூடு), பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர், குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா; பேரலை (துப்பாக்கிக் குழலை) விட்டு வெளியே பறப்பது குண்டு மட்டுமே. குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் எடைபோட்ட குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் இருக்கும் என்று நினைத்துக்கொண்டால் அளவு மனத்தில் பதியும்.

9 எம்.எம்.முக்கு 115, 124, 147 கிரெய்ன் ஆகிய மூன்று எடைகளே வழக்கில் அதிகம். புதியவருக்கு நான் சொல்வது 124 கிரெய்ன், உருண்டை முனை, முழு ஜாக்கெட் குண்டு. உருண்டை முனை மேகஸினிலிருந்து சேம்பருக்குள், அதாவது பேரலில் தோட்டா அமரும் அறைக்குள், தடங்கலின்றி ஏறும். செம்புக் கலவையாலான கெட்டியான உறை இருப்பதால் கிரிம்ப் (குண்டு நகராதபடி கேஸின் வாயை இறுக்குவது) சற்று அதிகமானாலும் குண்டு தாங்கும். எல்லாக் கையேடுகளிலும் அதற்கான அளவுகள் இருக்கும் என்பது இன்னொரு வசதி. நூறு குண்டுகள் மட்டும் வாங்கிப் பாருங்கள். உங்கள் துப்பாக்கி அதை ஏற்றுக்கொள்கிறது என்று தெரிவதற்கு முன்பே தள்ளுபடியை நம்பி இரண்டாயிரம் வாங்கிவிட வேண்டாம்.

கேள்வி (நியூ ஜெர்சி): ஒரே எடை, ஒரே வடிவம், ஆனால் ஒரு பெட்டியின் விலை மற்றதைப்போல் இரு மடங்கு. தரம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பதில்: ஒரு பெட்டியில் உள்ள நூறு குண்டுகளும் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதைத்தான் தரம் என்கிறேன். பளபளப்புக்கும் பெட்டியின் மேல் அச்சிட்ட படத்துக்கும் அதில் பங்கில்லை.

புதுப் பெட்டி வந்ததும் சமையலறை மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கைக்கு வந்தபடி இருபது குண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் பவுடர் தராசில் வைத்துக் குறித்துக்கொள்வது என் வழக்கம். சென்ற ஆண்டு வாங்கிய ஒரு நல்ல 124 கிரெய்ன் ஜாக்கெட் குண்டில், மிக இலேசானது 123.7, மிகக் கனமானது 124.3. அதே வாரம் மலிவாகக் கிடைத்த வேறொரு பெட்டியில் 122.5 முதல் 125.4 வரை சிதறியிருந்தது. போட்டிக்கு முந்தைய மாதம் அந்த இரண்டாவது பெட்டியை வைத்துப் பயிற்சி செய்தால், குறி தவறியதற்குக் காரணம் என் கையா குண்டா என்று எனக்கே தெரியாமல் போய்விடும். அப்படியிருந்தும், கைத்துப்பாக்கி சுடும் தூரங்களில் அரை கிரெய்ன் வேறுபாட்டால் பெரிய நஷ்டம் எதுவும் நேர்வதில்லை. எடையைப் பார்ப்பது, அந்தப் பெட்டியைச் செய்தவர் எவ்வளவு கவனமாகச் செய்தார் என்பதை அறியத்தான்.

எடையைவிட முக்கியமானது குண்டின் அடிப்பகுதி, பெரும்பாலோர் பார்க்க மறப்பதும் அதுவே. பேரலின் வாயை விட்டுக் குண்டு வெளியேறும் நொடியில் கடைசியாக விடுபடுவது அதன் அடிதான். அங்கே ஒரு பக்கம் சற்றே மழுங்கியிருந்தால், உள்ளிருந்து சீறிவரும் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். முனையில் சிறு நசுங்கல் இருந்தால் குறி அவ்வளவாக மாறாது. அடியில் இருந்தால் மாறும். எனவே குண்டைத் தலைகீழாக நிறுத்தி, விளக்கு வெளிச்சத்தில் அடி விளிம்பு முழு வட்டமாகக் கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிமேல் நிறுத்தினால் ஆடக் கூடாது.

இதே காரணத்தால், காகித இலக்குக்குக்கூடச் சிலர் குழிமுனைக் குண்டை விரும்புகிறார்கள். சாதாரண முழு ஜாக்கெட் குண்டில் உறை முன்னாலிருந்து மூடப்பட்டு, அடியில் ஈயம் வெளியே தெரியும். குழிமுனைக் குண்டிலோ உறை அடியை முழுதாக மூடி, திறப்பு முனைப்பக்கம் இருக்கும். அடி ஒழுங்காக அமைவது அதில் எளிது. ஹார்னடி நிறுவனத்தின் எக்ஸ்.டி.பி. என்ற குழிமுனைக் குண்டுகள் என் துப்பாக்கியில் தொடர்ந்து சிறிய வட்டத்தில் விழுவதற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன்.

கேள்வி (ஒஹாயோ): ஈயக் குண்டுக்கும் ஜாக்கெட் குண்டுக்கும் விட்டம் வேறாகப் போட்டிருக்கிறார்களே, எதை வாங்குவது?

பதில்: பொதுவாக 9 எம்.எம்.முக்கு ஜாக்கெட் குண்டு 0.355 அங்குலம், ஈயக் குண்டு 0.356. முப்பத்தெட்டு ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவுக்கு 0.357, 0.358. நாற்பத்தைந்து ஏ.சி.பி. என்ற பிஸ்டல் தோட்டாவுக்கு 0.451, 0.452. ஆயிரத்தில் ஓர் அங்குலம் என்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் ஈயக் குண்டு பேரலின் உட்பள்ளங்களை முழுதாக அடைக்காவிட்டால், சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை உருக்கிப் பேரலில் பூசிவிடும். பேரலின் உண்மையான அளவை அறிய, துப்பாக்கியைக் கழற்றி, எண்ணெய் தடவிய பேரலுக்குள் மென்மையான ஈயத்துண்டு ஒன்றை மெதுவாகத் தட்டி மறுபக்கம் எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். அதைவிட ஆயிரத்தில் ஓர் அங்குலம் பெரிதான ஈயக் குண்டை வாங்கினால் போதும், நிரப்பிய தோட்டா சேம்பரில் தாராளமாக இறங்குகிற வரை.

பெயரைக் கண்டு ஏமாறவும் வேண்டாம். 9 எம்.எம். மக்காரோவ் என்று எழுதியிருக்கும் குண்டு 0.365 அங்குலம். அதை சாதாரண 9 எம்.எம். கேஸில் திணிக்கக் கூடாது.

கேள்வி (வட கரோலினா): அண்ணா, செம்பு முலாம் பூசிய குண்டு ஜாக்கெட் குண்டு மாதிரிதானே? விலையும் குறைவு.

பதில்: பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், கவரிங் நகைக்கும் கெட்டி நகைக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஜாக்கெட் என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த தகட்டைக் கிண்ணமாக இழுத்து, ஈயத்தின்மேல் அழுத்திச் செய்த தனி உறை. முலாம் என்பது அச்சில் அழுத்திய ஈயக் குண்டின்மேல் மின்முலாமாக ஏற்றிய சுத்தச் செம்பு, மெல்லியது, மென்மையானது. யூட்டாவின் பெர்ரீஸ் போன்ற நிறுவனங்கள் செய்யும் முலாம் குண்டுகளை நானே பல்லாயிரம் சுட்டிருக்கிறேன். பயிற்சிக்கு நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வேக வரம்பு உண்டு: பல முலாம் குண்டுகளுக்கு நொடிக்கு ஏறக்குறைய 1,200 அடி, தடித்த முலாமுக்கு அதைவிடக் கூடுதல். செய்தவர் சொல்லும் வரம்பை மீறாதீர்கள்.

ஆபத்து கிரிம்பில் இருக்கிறது. தொடக்க காலத்தில், ஒரு கடையில் வாங்கிய முலாம் குண்டை ஜாக்கெட் குண்டைப்போல எண்ணி இறுக்கமாகக் கிரிம்ப் செய்துவிட்டேன். பதினைந்து கஜத் தூரத்தில் இலக்குக் காகிதத்தில் விழுந்த துளைகள் வட்டமாக இல்லை, சாவித்துவாரம்போல நீண்டிருந்தன. குண்டு பக்கவாட்டில் புரண்டு சென்று மோதியிருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு தோட்டாவின் குண்டைச் சுத்தியல் புல்லரால் (சுத்தியல்போலத் தட்டிக் குண்டைக் கழற்றும் கருவியால்) உருவிப் பார்த்தபோது, கேஸின் வாய் பதிந்த இடத்தில் செம்பு அறுந்து, சாம்பல் நிற ஈயம் மெல்லிய மோதிரம்போலத் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு புதுப் பெட்டிக்கும் முதல் தோட்டாவை உருவிப் பார்க்கிறேன். செம்பில் இலேசான தடம் மட்டும் இருக்க வேண்டும், ஈயம் கண்ணில் படக் கூடாது. குண்டை வைக்கும் முன் கேஸின் வாயையும் சற்றுக் கூடுதலாக அகட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (பென்சில்வேனியா): வார்ப்பு ஈயக் குண்டு வாங்கும்போது கடினமானதே நல்லது என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. கடினத்தைப் பிரினெல் எண்ணால் அளக்கிறார்கள். சுத்த ஈயம் ஏறக்குறைய 5. ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5 விழுக்காடு கலந்த லைமன் இரண்டாம் எண் கலவை 15. அச்சுக்கூடங்களில் பயன்பட்ட லினோடைப் உலோகம் 22. முப்பத்தெட்டு ஸ்பெஷல் போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாவில் மிகக் கடினமான குண்டைப் போட்டால், அது விரிந்து பேரலை அடைக்க மறுக்கும். மென்மையான குண்டைவிட அதிகமாக ஈயம் படியும். விட்டம் பொருந்துவதே முதல் கேள்வி, கடினம் இரண்டாவது.

உங்களிடம் இருப்பது ரிவால்வர் என்றால் இன்னொன்று. 357 மேக்னத்தில் சுடும்போது ஏற்படும் உதைப்பால், உருளையில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் முன்னே நகர்ந்து உருளையையே சுற்றவிடாமல் செய்யலாம். எனவே கிரிம்ப் பிடிப்பதற்கான பள்ளம் வெட்டிய குண்டையே வாங்குங்கள். அடியில் குழிவுள்ள 148 கிரெய்ன் வாட்கட்டர் (தட்டை முனைக் குண்டு), காகிதத் துளைப்பானால் வெட்டியதுபோலச் சுத்தமான துளை வெட்டும் அருமையான குண்டு. ஆனால் அதை மென்மையான வேகத்தில் மட்டும் சுட வேண்டும். வேகம் கூட்டினால் குழிவைச் சுற்றியுள்ள அதன் மெல்லிய பாவாடை பிய்ந்து பேரலுக்குள் தங்கிவிடலாம், அடுத்த குண்டு அதன்மேல் மோதும்.

கேள்வி (ஜார்ஜியா): என்னிடம் க்ளாக் பிஸ்டல் இருக்கிறது. ஈயக் குண்டு கூடாதாமே?

பதில்: க்ளாக் நிறுவனத்தின் கையேடே உறையில்லாத ஈயக் குண்டு வேண்டாம் என்கிறது, ரீலோடு செய்த தோட்டாவையும் அது பரிந்துரைப்பதில்லை, இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். பாலிமர் பூச்சுள்ள ஈயக் குண்டுகளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பூச்சின் தரத்தை ஒரு சுத்தியல் சொல்லிவிடும்: ஒரு குண்டை வைத்துத் தட்டையாக நசுக்குங்கள். பூச்சு ஈயத்தோடு சேர்ந்து விரிந்தால் நல்லது, செதிலாக உதிர்ந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி (வாஷிங்டன்): போட்டிக்கு 147 கிரெய்ன்தான் சிறந்தது என்கிறார்கள். ஏன்?

பதில்: யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் போட்டிகளில் குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து வரும் எண், மைனர் என்ற குறைந்த பிரிவுக்கு 125ஐத் தொட வேண்டும். 115 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1,125 அடி போனால் 129.4. 147 கிரெய்ன் 880 அடி போனாலே அதே அளவு. கனமான குண்டு மெதுவாகப் போய் அதே எண்ணைத் தருவதால், பலருக்கு உதைப்பு கையில் மென்மையாக உணரப்படுகிறது. முலாம், பாலிமர் பூச்சு ஆகியவற்றின் வேக வரம்புக்கும் வெகு கீழே நிற்கிறது. சிறந்தது என்று சொல்லமாட்டேன். சில துப்பாக்கிகளின் ஸ்பிரிங் 124ஐத்தான் விரும்புகிறது.

கேள்வி (கலிபோர்னியா): எடை ஒன்றாக இருந்தால், ஒரு நிறுவனத்தின் குண்டுக்கு உள்ள பவுடர் அளவை இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாமா? நான் ஈயமில்லாத குண்டுக்கு மாற வேண்டியிருக்கிறது.

பதில்: கூடாது, இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். உங்கள் மாநிலத்தில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமில்லாத குண்டே கட்டாயம் என்பதால் பலர் முழுச் செம்புக் குண்டுக்கு மாறுகிறார்கள். செம்பின் அடர்த்தி ஈயத்தைவிடக் குறைவு. ஆகவே அதே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், கேஸுக்குள் ஆழமாக இறங்கும், பவுடருக்கு மிஞ்சும் இடம் சுருங்கும், அழுத்தம் ஏறும். 9 எம்.எம். கேஸ் சிறியது, அதன் அழுத்த வரம்போ 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), நாற்பத்தைந்து ஏ.சி.பி.யின் 21,000ஐவிட மிக அதிகம். அதனால் சிறு ஆழமும் கணக்கில் வரும். அந்தக் குண்டைச் செய்தவர் வெளியிட்ட அளவையே எடுத்து, அதன் தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள். முதல் தோட்டாவைக் கழற்றிய பேரலுக்குள் போட்டுப் பாருங்கள்: டொக் என்று இறங்கி, விரலால் திருப்பினால் தடையின்றிச் சுற்றி, கவிழ்த்தால் தானாக விழ வேண்டும்.

கேள்வி (இல்லினாய்): என் கணவர் அடித்தளத்தில் ரீலோடிங் செய்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. எந்தக் குண்டு வாங்கினால் ஈய ஆபத்து இல்லை?

பதில்: அம்மா, நல்ல கேள்வி, இதை முதலிலேயே யாராவது கேட்டிருக்க வேண்டும். அடியும் மூடிய குண்டையோ பாலிமர் பூச்சுக் குண்டையோ வாங்கச் சொல்லுங்கள், கையில் ஒட்டும் ஈயம் குறையும். ஆனால் வீட்டில் பெரிய ஆபத்து குண்டில் இல்லை. சுட்ட கேஸ்களைச் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரத்தின் தூசியில் இருக்கிறது. பிரைமரில் உள்ள ஈயச் சேர்மம் எரிந்து அந்தத் தூசியாகப் படிகிறது. உலர் டம்ளரை வீட்டுக்குள் ஓட்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்யும் வகைக்கு மாறுவது மேல். அந்த நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டக் கூடாது. மேசையருகே சாப்பாடும் காபியும் கூடாது, வேலை முடிந்ததும் ஈயம் நீக்குவதற்கென்றே விற்கும் சோப்பால் கை கழுவி, உடையையும் செருப்பையும் மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்கட்டும். குழந்தையின் இரத்தத்தில் ஈய அளவைச் சோதிக்கும்படி குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.