மலேசிய நாடாளுமன்றத்தில் விவாதம் சூடாகும்போது அமைச்சர்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் நழுவுவது ஏன்?

நீங்கள் ஏதோ ஒரு காணொளித் துண்டைப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு ஒய்பி, அதாவது நாடாளுமன்ற உறுப்பினர், எழுந்து கத்துவார். எதிர்வரிசையில் மேசையைத் தட்டுவார்கள். சபாநாயகர் "டூடோக், டூடோக்" (உட்காருங்கள்) என்று கெஞ்சுவார். அமைச்சர் கேட்டதை விட்டுவிட்டு வேறெதையோ வாசிப்பார். பின்னணியில் யாரோ ஒரு புண்ணியவான் சினிமா இசையும் சேர்த்திருப்பார். பார்க்கிறவர்களுக்கு, மனிதர் சூட்டில் தடுமாறி மழுப்புகிறார் என்றுதான் தோன்றும்.

தடுமாற்றமெல்லாம் கிடையாது. அந்த மழுப்பல் பல நாளைக்கு முன்பே, ஏர்கான் போட்ட அறையில், நிதானமாக டைப் அடித்து, நாலு பேர் திருத்தி, கோப்பில் வைத்து அனுப்பியது. சபையில் எழும் கூச்சல் அதற்கு ஒத்தாசை, அவ்வளவுதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஒரு அரசாங்க இலாகாவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்து உதவி அதிகாரியாக ஓய்வு பெற்றவன். எந்த இலாகா என்று சொல்ல மாட்டேன். 1972-ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வ இரகசியச் சட்டம் என்று ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. என் பென்ஷனும் உயிரோடு இருக்கவேண்டும். கட்சிக்காரனும் இல்லை. இப்போது இருப்பது சுங்கை சிப்புட்டில். இந்த ஊர்க்காரனுக்கு அரசியல் பேச யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் நின்ற தொகுதி, அதே கட்சியின் தலைவராக இருந்த சாமிவேலு 1974 முதல் 2008 வரை வைத்திருந்த தொகுதி, பிறகு எதிர்த்தரப்பிலிருந்து டாக்டர் ஜெயக்குமார் வென்ற தொகுதி. கோப்பிக்கடையில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்து கட்சி பேசும். அதனால் நான் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கருத்துப் பெட்டியில் கிளம்பிவிடாதீர்கள். ஆட்சி மாறினாலும் கோப்பு மாறவில்லை என்பதையும் பார்த்தவன்தான் நான்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மக்களவைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே உறுப்பினர்கள் கேள்விகளை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அது அமைச்சுக்கு வரும், அமைச்சிலிருந்து பிரிவுக்கு வரும், பிரிவிலிருந்து என்னைப் போன்றவன் மேசைக்கு வரும். "சோலான் பார்லிமன் (நாடாளுமன்றக் கேள்வி) வந்துடுச்சு" என்றால் அன்றைக்கு யாரும் நேரத்தோடு வீட்டுக்குப் போக முடியாது. கீழே உள்ளவன் தகவல் திரட்டி வரைவு எழுதுவான். யூனிட் தலைவர் திருத்துவார், பெங்காரா (இயக்குநர்) திருத்துவார், மேலே கேஎஸ்யூ (அமைச்சின் தலைமைச் செயலாளர்) அலுவலகம் வரை போய் இறங்கும். அதோடு முடியாது. எழுந்து நிற்கிறவர் அடுத்துக் கேட்கக்கூடிய கூடுதல் கேள்விகளையும் நாமே ஊகித்து, அவற்றுக்கும் பதில் தயார் செய்து பின்னால் இணைக்கவேண்டும். அன்றைக்கு அதிகாரிகளும் சபைக்குப் போய் உட்கார்ந்திருப்பார்கள், திடீரென்று ஏதாவது கேட்டால் துண்டுச் சீட்டு எழுதி அனுப்ப. இத்தனை பேர் பின்னால் இருக்கும்போது அமைச்சருக்குப் பதில் தெரியாமல் போக வழியே இல்லை.

ஒரு தடவை என் மேசைக்கு வந்த கேள்வி, பேராக் மாநிலத்தில் எந்தெந்தத் தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) இன்னும் அரசாங்கக் குழாய்த் தண்ணீர் வரவில்லை என்பது. எதிர்க்கட்சி ஒய்பி கேட்டது. தொழிலாளர் வீடமைப்புக்கென்று 1990-இல் வந்த 446-ஆவது சட்டப்படி, தோட்ட நிர்வாகம் வீடுகளுக்கு இலவசமாகக் குழாய்த் தண்ணீர் தரவேண்டும். அதைக் காட்டித்தான் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நழுவ இடமில்லாத கேள்வி என்று நான் நினைத்தேன்.

எனக்கு அது வெறும் கோப்பு இல்லை. என் அக்கா அப்போது அப்படி ஒரு தோட்டத்தில்தான் இருந்தார். அத்தானுக்குப் பால்வெட்டு, ரப்பர் மரம் சீவுகிற வேலை. குளத்துத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றி, காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் விடுவார்கள். மழை பெய்தால் தே ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் வரும். அக்கா நீல டிரம்மில் பிடித்துவைத்து, படிகாரக் கட்டியைக் கயிற்றில் கட்டி உள்ளே சுற்றுவார். மண் அடியில் போய் உட்கார்ந்த பிறகு மேலாக மொண்டு சமையலுக்கு எடுப்பார். வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள வீடு அது. அந்தச் சட்டை எந்த நிறத்தில் இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

வட்டார அலுவலகங்களுக்குத் தொலைபேசி அடித்து, தோட்டத்தின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, இப்போது எந்தத் தண்ணீர், குழாய் போடாததற்குக் காரணம் என்று நான் ஒரு அட்டவணை போட்டேன். பதிலோடு சேர்த்து இரண்டு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் பதில், அதற்குப் பின்னால் அட்டவணை. அக்கா இருந்த தோட்டமும் அதில் இருந்தது. சொந்தக்காரிக்காகச் சேர்த்தேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி விசாரித்து உறுதிப்படுத்தினேன்.

கோப்பு மேலே போய்த் திரும்பி வந்தபோது ஒரே பக்கம்தான் இருந்தது. மூலையில் ஸ்டேப்பிள் பிடுங்கின இரண்டு ஓட்டை. கீழே வேறு ஸ்டேப்பிள். பதிலையும் மாற்றியிருந்தார்கள். நாடு முழுவதும் குழாய்த் தண்ணீர் கிடைத்துவிட்ட தோட்டங்கள் எத்தனை என்ற எண் ஒன்று, அமைச்சு தொழிலாளர் நலனில் எப்போதும் அக்கறை கொண்டுள்ளது என்று ஒரு வரி, மிச்சத் தோட்டங்கள் கட்டம் கட்டமாகக் கவனிக்கப்படும் என்று இன்னொரு வரி. கேட்டது இல்லாதவர்கள் யார் என்று. பதில் இருக்கிறவர்கள் எத்தனை என்று. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கவனிக்க வேண்டியது அதுதான். மக்களவை விதி 36(12)-இன்படி சபையைத் தவறாக வழிநடத்தினால் அவமதிப்பு. அதனால் பொய் சொல்ல மாட்டார்கள். உண்மைதான் சொல்வார்கள், நீங்கள் கேட்காத உண்மை.

"அப்போதே ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். திறந்தேன். யூனிட் தலைவரிடம் போய், என்சிக் (ஐயா), அட்டவணை விடுபட்டுப் போயிருக்கிறது என்றேன். விடுபடவில்லை என்றார். வேறு விளக்கமும் தரவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. அவர் நல்ல மனிதர்தான், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து முறுக்கு சாப்பிடுவார். அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார்.

அன்றைக்குச் சபையில் துணையமைச்சர் அந்த ஒரு பக்கத்தை வாசித்தார். ஒய்பி விடவில்லை. நான் கேட்டது எந்தெந்தத் தோட்டம், பெயரைச் சொல்லுங்கள் என்றார். உடனே ஆளும் தரப்பின் பின்வரிசையிலிருந்து ஒருவர், உங்கள் கட்சி ஆளும் மாநிலத்தில் தண்ணீர் நிலைமை என்ன என்று எழுந்தார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. இவர் அவரைச் சொல்ல, அவர் இவரைச் சொல்ல, இன்னொருவர் கூட்ட விதி என்று எழ, சபாநாயகர் மைக்கை அடைக்க, கடைசியில் அடுத்த கேள்வி என்று போய்விட்டார்கள். கேள்வி நேரம் பத்து மணிக்குத் தொடங்கினால் பதினொன்றரை வரைதான். எட்டாத கேள்விகளுக்கெல்லாம் எழுத்துப் பதில்தான். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒவ்வொரு கூச்சலும் அமைச்சருக்கு இலவசமாகக் கிடைக்கிற நேரம். துணையமைச்சர் வியர்த்துப்போய் உட்கார்ந்தார் என்று நினைக்காதீர்கள். கோப்பை மூடிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அக்கா போன் செய்தார். வானொலிச் செய்தியில் கேட்டிருக்கிறார். "தம்பி, தோட்டத்துக்கெல்லாம் பைப்பு தண்ணி வந்துடுச்சாமே. நம்ம தோட்டத்துக்கு எப்பய்யா வரும்? ஒனக்குத் தெரியுமில்ல?" என்றார். கட்டம் கட்டமாக வரும் அக்கா என்றேன். அதுதானே அரசாங்கத்தின் பதில்.

இது என் மேசையில் நடந்த சின்ன விஷயம். ஊரறிந்ததைச் சொல்லவேண்டுமென்றால், 2007 மே மாதம் பத்து காஜா என்ற தொகுதியின் உறுப்பினர் ஃபோங் போ குவான் நாடாளுமன்றக் கட்டடம் ஒழுகுவதைப் பற்றிப் பேசினார். ஆளும் தரப்பில் இரண்டு பேர் அதை அவருடைய உடம்போடு சேர்த்து ஆபாசமாகக் கேலி செய்தார்கள். நாடே கொதித்தது, கொதிக்கவேண்டிய விஷயம்தான். ஆனால் கூரை ஏன் ஒழுகியது என்ற பேச்சு அந்தக் கொதிப்பில் காணாமல் போய்விட்டது. அதேபோல 2021 ஜூலை 26 அன்று, அவசரகாலச் சட்டங்கள் ஜூலை 21-ஆம் தேதியே ரத்து செய்யப்பட்டுவிட்டதாக அப்போதைய சட்டத்துறை அமைச்சர் தக்கியுடின் ஹசான் சபையில் அறிவித்தார். மாமன்னர் ஒப்புதல் கொடுத்தாரா என்று எதிர்க்கட்சிகள் விடாமல் கேட்டன. அடுத்த திங்கட்கிழமை விளக்கம் வரும் என்று சொல்லப்பட்டது. அதற்குள் 29-ஆம் தேதி, மாமன்னரின் ஒப்புதல் இல்லை என்று அரண்மனையே அறிக்கை விட்டது. அந்தத் திங்கட்கிழமைக் கூட்டமோ, கட்டடத்தில் கோவிட் தொற்று என்று தள்ளிவைக்கப்பட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மெர்டேக்கா சதுக்கத்தில் கூடினார்கள், நாடாளுமன்றத்துக்குப் போகவிடாமல் போலீஸ் தடுத்தது. நாள் குறித்துக் கொடுத்த பதிலுக்கே கதி அது.

இந்தியாவைப் புகழ்கிறேன் என்று யாரும் வரவேண்டாம், 2020 செப்டம்பரில் கேள்வி நேரத்தையே நிறுத்திவைத்தவர்கள்தான் அவர்களும். ஆனாலும் அங்கே மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அமைச்சர் "பரிசீலனையில் உள்ளது" என்று சொன்னால்கூட அதை உறுதிமொழியாகக் கணக்கில் எழுதி, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்று என்று துரத்துவார்கள். துரத்தினாலும் எல்லாம் நடந்துவிடாது என்பது வேறு. ஆனால் யாரோ ஒருவர் எழுதிவைக்கிறார். நம்மூரில் "கட்டம் கட்டமாக" என்று சொன்னதை யார் எழுதிவைத்தார்?

அக்கா வீட்டுக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள். வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். லயத்தை இடித்தார்கள். அக்கா குடும்பம் பட்டணத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாடகைக்கு வந்தது. அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. புள்ளிவிவரத்தில் தண்ணீர் இல்லாத வீடுகள் சில குறைந்திருக்கும், அதையும் எந்த அமைச்சராவது சாதனையாக வாசித்திருக்கலாம்.

தோட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். லயம் போய்விட்டது, மாரியம்மன் கோவில் மட்டும் உள்ளே நிற்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் தோட்டத்து ஜனங்கள் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்துக் கட்டிய கோவில். இப்போது மண் சாலையில் கேட் போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போனால் ஜாகா (காவலாளி) நிறுத்தி அடையாள அட்டை கேட்கிறான், புத்தகத்தில் பெயர் எழுதச் சொல்கிறான், "என்ன காரியமாக வந்தாய்" என்று ஒரு கட்டம் வேறு அதில் இருக்கிறது. நான் பிறந்த இடத்தில் நின்றுகொண்டு வந்த காரியத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். திருவிழாவுக்கு மட்டும் முழுநாள் திறந்துவிடுவார்களாம், அதற்கும் முன்கூட்டியே கடிதம் கொடுக்கவேண்டுமாம். கோவில் கமிட்டியில் இதைப் பேசுங்களப்பா என்றால், தலைவர் அன்னதானக் கணக்கை வாசிக்கிறார். அவரும் ஒருநாள் ஒய்பி ஆவார், தகுதி இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கும் ஏதோ ஒரு பிரச்சினை இருந்து, அது சபையில் எழுந்து, பதில் வராமல் போனதால்தான் கேட்கிறீர்கள் என்றால், காணொளியை விட்டுவிட்டு நாடாளுமன்ற இணையத்தளத்தில் அன்றைய ஹன்சார்டை, அதாவது சபை நடவடிக்கைக் குறிப்பை, எடுத்துப் படியுங்கள். கூச்சலில் பெரும்பகுதி அதில் ஓரிரு சொல்லில் அடங்கிவிடும். கேள்வியும் பதிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 2023 முதல் செவ்வாய்க்கிழமைகளில் பிரதமர் கேள்வி நேரம் என்று ஒன்று வந்திருக்கிறது, அதையும் அப்படியே படிக்கலாம்.

உங்கள் ஒய்பி மூலமாகக் கேள்வி போட முடிந்தால், வாய்மொழியை நம்பாமல் எழுத்துப் பதில் கேட்கச் சொல்லுங்கள். அதில் கத்தி நேரத்தைத் தின்ன முடியாது, அமைச்சின் தாளில் வரும், கையில் வைத்துக்கொள்ளலாம். பத்து இடத்தைச் சேர்த்துக் கேட்டால் மொத்த எண்ணிக்கையைப் போட்டுப் புதைத்துவிடுவார்கள், அதனால் ஒரே ஒரு தோட்டம் அல்லது ஒரே ஒரு பள்ளியின் பெயரைப் போட்டு, எந்த ஆண்டு, எந்த மாதம் என்று முடியுங்கள். "அரசாங்கம் என்ன நடவடிக்கை எடுத்துள்ளது" என்று மட்டும் முடிக்காதீர்கள். அந்த வரியைப் பார்த்தால் வரைவு எழுதுகிறவனுக்கு அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று சந்தோஷம் வந்துவிடும்.

வாக்கியம் அமைப்பதில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், திருத்தித் தருகிறேன். மலாயிலும் எழுதித் தருவேன். எந்தக் கட்சி ஒய்பி என்று மட்டும் என்னிடம் சொல்லவேண்டாம்.