கைக்குழந்தையோடு வெளியே கிளம்பலாமா?

பச்சைக் குழந்தையை எப்போது, எவ்வளவு நேரம், எப்படி வெளியே கூட்டிப்போவது என்று இளம் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் கேட்டிருக்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. சுகப்பிரசவம், எடை 3 கிலோ. 40 நாள் முடியாமல் வாசற்படி தாண்டக் கூடாது என்கிறார் மாமியார். எனக்கோ அறைக்குள்ளேயே இருந்து மூச்சு முட்டுகிறது. (தஞ்சாவூர்)

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் சில வாரங்களில் குழந்தைக்கு நோய் எதிர்ப்பு சக்தி குறைவு, தொற்று வந்தால் சட்டென்று தீவிரமாகிவிடும். ஆனால் அந்தத் தொற்று காற்றோட்டமான தெருவிலிருந்து வருவதில்லை, மனிதர்களிடமிருந்துதான் வருகிறது. வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பார்க்க வருகிற ஒவ்வொருவர் கையிலும் குழந்தையைக் கொடுத்து, ஆளாளுக்கு முத்தம் கொடுக்க விடுகிறோமே, அதுதான் ஆபத்து. ஆள் இல்லாத மொட்டைமாடியில் கால் மணி நேரம் உலாத்துவதை விட நூறு மடங்கு ஆபத்து.

ஆகவே கல்யாண மண்டபம், திருவிழா, ஏசி போட்ட கடைகள், மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போவது, இவையெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். குறைந்தது 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் முடியட்டும். திண்ணை, மாடி, காலை நேரத்து அமைதியான தெரு, இவற்றுக்குத் தடையில்லை. 10 நிமிடத்தில் தொடங்குங்கள். தூக்குகிறவர் யாராக இருந்தாலும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். சளி, இருமல் இருப்பவர் தள்ளி நின்று பார்க்கட்டும். குறைமாதத்தில் பிறந்த அல்லது எடை குறைந்த குழந்தையாக இருந்தால் மட்டும், முதலில் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நடை குழந்தையை விட உங்களுக்கு அதிகம் தேவை. பிரசவத்துக்குப் பிறகு படுத்தே கிடந்தால் கால் நாளங்களில் ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. நடந்தால் அது குறையும். மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பச்சை உடம்புக்காரிக்கு இதெல்லாம் சகஜம் என்று யாரும் தள்ளிவிட இடம் கொடுக்காதீர்கள்.

பேரனைத் தினமும் காலை இளவெயிலில் காட்டுகிறோம். அப்படியும் டாக்டர் வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதியிருக்கிறார். வெயில் போதாதா? (திருநெல்வேலி)

போதாது அம்மா. காலை 7 மணி வெயிலில், தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் மிகக் குறைவு. அது நிறைய இருக்கும் நேரம் உச்சிவெயில் நேரம், அப்போது பச்சைக் குழந்தையை வெளியே காட்ட முடியாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலிலும் அந்தக் கதிர் வராது. தாய்ப்பாலிலும் வைட்டமின் டி குறைவுதான். அதனால்தான் பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை தினம் 400 யூனிட் கொடுக்கச் சொல்கிறோம். ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள மருந்தும் உண்டு, 800 யூனிட் உள்ளதும் உண்டு. பாட்டிலை மாற்றும்போது அட்டையைப் படியுங்கள், ஒரு மருந்தின் அளவுக் குழாயை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

மஞ்சள் காமாலைக்காக வெயிலில் காட்டுகிறீர்கள் என்றால், அது சிகிச்சை ஆகாது. மருத்துவமனையில் வைக்கும் நீல விளக்குதான் அதற்குச் சிகிச்சை. பகல் வெளிச்சத்தில் குழந்தையின் நெற்றியை விரலால் லேசாக அழுத்தி எடுங்கள், அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிகிறதா பாருங்கள். அப்புறம் நெஞ்சு, வயிறு, கால். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, மஞ்சள் கால் வரை இறங்கியிருந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, மலமும் வெளிறிப் போகிறது என்றால் பித்தநாளக் கோளாறாக இருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். இதில் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

கத்திரி வெயிலில் நான்கு மாதக் குழந்தையை நடக்கக் கூட்டிப்போகலாமா? தண்ணீர் கொடுக்க வேண்டுமா? (வேலூர்)

காலை ஏழரைக்குள், இல்லாவிட்டால் மாலை தார்ச்சாலைச் சூடு தணிந்த பிறகு. தள்ளுவண்டியில் குழந்தை படுத்திருக்கும் உயரம் தரைக்குப் பக்கம், உங்கள் முகத்தில் படுவதை விட அங்கே அனல் அதிகம். வெயில் படாமலிருக்க வண்டியைத் துண்டால் மூடுகிறார்கள், அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே காற்று நின்றுபோய்ச் சூடு ஏறிவிடும். கையை உள்ளே விட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஒற்றை பருத்திச் சட்டை, மரநிழல், அது போதும். குழந்தையின் கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்துச் சுட்டால் வீட்டுக்குத் திரும்புங்கள். ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழல்தான் பாதுகாப்பு.

தண்ணீர் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே தண்ணீரும். வெயில் காலத்தில் அடிக்கடி பால் கொடுங்கள், தண்ணீரை நீங்கள் குடியுங்கள்.

ஒன்றரை மாதக் குழந்தை மாலை ஆனால் வீறிட்டு அழுகிறது. வெளியே தூக்கிக்கொண்டு நடந்தால் அடங்குகிறது. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் வெளியே கொண்டுபோனால் காற்றுக் கருப்பு அண்டிவிடும் என்கிறார்கள். (மதுரை)

பால் நன்றாகக் குடித்து, எடை ஏறி, மற்ற நேரம் சாதாரணமாக இருக்கிற குழந்தை மாலையில் அழுவது இந்த வயதில் வழக்கம். ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே குறையும். உங்கள் கைச்சூடும் நடையின் ஆட்டமும்தான் அதை அடக்குகின்றன, நடங்கள்.

அந்த நேரத்தில் அண்டுவது கொசு. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது, காலையிலும் பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரத்திலும் அதிகம். கையும் காலும் மூடுகிற மெல்லிய உடுப்பு போடுங்கள், வண்டியென்றால் கொசுவலை போடுங்கள். இரண்டு மாதத்துக்குள் எந்தக் கொசு விரட்டியையும் தோலில் தடவக் கூடாது. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் கலந்தவை மூன்று வயது வரை வேண்டாம். திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குள் மை இழுக்காதீர்கள். மணிக்கட்டில் கட்டும் வசம்பையும் எடுத்துவிடுங்கள். குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோகத் தொடங்கிவிட்டால், உதிரும் துண்டு தொண்டையில் அடைக்கும்.

நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பேபி கேரியர் வாங்கினோம். கால் வளைந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். (சென்னை)

சரியாக உட்கார வைத்தால் வளையாது. இடுப்பு மூட்டுக்கு நல்லது என்றுகூடச் சொல்லலாம். குழந்தையின் முழங்கால்கள் புட்டத்தை விட மேலே இருக்க வேண்டும், தொடைக்கு அடியில் முழுவதும் துணி தாங்க வேண்டும். கால்கள் நேராகத் தொங்கக் கூடாது. கழுத்து நின்ற பிறகு நம் பாட்டிகள் இடுப்பில் இடுக்கிக்கொண்டது இதே வாகில்தான்.

கால்களை விட மூச்சைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். குனிந்தால் குழந்தையின் உச்சியில் முத்தமிடும் உயரத்தில், முகம் எப்போதும் உங்கள் கண்ணில் படும்படி, மோவாய் நெஞ்சில் முட்டாமல் இருக்க வேண்டும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் ஒரு விரல் நுழைய வேண்டும். தொளதொளவென்று தொங்கும் துணியில், நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை சுருண்டு மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. குழந்தையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பதும் வேண்டாம்.

மார்கழிக் குளிரில் வெளியே போனால் சளி பிடிக்குமா? (கோயம்புத்தூர்)

சளியைத் தருவது வைரஸ், குளிர் அல்ல. நீங்கள் போடுவதை விட ஓர் அடுக்கு கூடுதலாக உடுத்தி, பனிமூட்டம் விலகிய பிறகு போங்கள். போகிப் புகையன்று மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருங்கள். லேசாக மூக்கு ஒழுகினால் நடையை நிறுத்தத் தேவையில்லை. மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மட்டும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போக, மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள ஸ்கூட்டரில் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். இது சரியா? (விழுப்புரம்)

வேண்டாம். மத்திய அரசின் விதிப்படி 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் அவசியம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இது 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குச் சரியாகப் பொருந்தும் தலைக்கவசமே கிடையாது, கழுத்தும் அதன் எடையைத் தாங்காது. ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தால் மனைவி குழந்தையைப் பிடிப்பாரா, தன்னைப் பிடித்துக்கொள்வாரா? தொலைவு குறைவென்றால் நடந்தே போங்கள், இல்லாவிட்டால் ஆட்டோவிலோ பேருந்திலோ போங்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள், அதையும் கணக்கில் வைத்து வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.